ஓரகத்தி எழுதிய கட்டுரை

ஞானசெல்விக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. இளைய மருமகள் கிருபாராணிதான் அஞ்சல்வழியில் எம்.ஏ. சமூகவியல் படிக்கட்டுமா என்று மாமனாரிடம் கேட்டாள். பெத்துராஜ் மறுநாளே இரண்டு மருமகள்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு வந்தார். போடியில் ஏலக்காய் வியாபாரம் பண்ணுகிற அந்த வீட்டில் சேலையானாலும் வளையலானாலும் இருவருக்கும் ஒரே மாதிரிதான் வரும். ஒருத்திக்குக் கூட, ஒருத்திக்குக் குறைய என்ற பேச்சே எழக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மூத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்குத் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. இளையவளுக்குக் கிடைப்பதை எந்த மூத்தவள் வேண்டாமென்பாள்?

மாமனார் எவ்வளவுதான் சரிபாதியாகக் கொடுத்தாலும், ஊர் அப்படிக் கொடுக்கவில்லை. சாத்தூர்ப் பக்கமிருந்து நேற்று வாழ வந்தவள் கிருபாராணி. அதற்குள் சர்ச்சில் கிருபா, கடையில் கிருபா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும் கிருபா. ஞானசெல்வி இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவளைத் தேடி வீட்டுக்கு வருகிறவர்களும் முதலில் கேட்பது, "கிருபா இல்லையா?" என்றுதான். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. இருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அடுக்களையில் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள்.

எம்.ஏ. இரண்டாம் வருடத்தில் ஒரு கள ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். தேனியில் இருந்த படிப்பு மையத்தில் கலையரசி மேடம் அதற்கான விதிகளைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆளுக்கொரு கட்டுரை, அவரவரே போய்ப் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும். அடுத்தவர் எழுத்தைத் தன் பெயரில் கொடுத்தால் அந்த வருடம் பரீட்சையே கிடையாது. கிருபாராணிக்கு அந்த வருடம் தவறக்கூடாது. படிப்பை முடித்து வந்தால் வேலை தருவதாக ஒரு தொண்டு நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள்.

அவள் விடியும் முன்னே தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக்குப் போனாள். காய் எடுக்கும் பெண்களோடு பேசினாள், காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு திரும்பினாள், பிறகும் போனாள். எழுதியதைக் கடைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து வைத்தாள். ஒருநாள் மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் ஞானசெல்வி அதைத் திறந்து படித்தாள்.

தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் எந்த ஜீப்பில் ஏறுவது என்பதைக் கூலியை வைத்து முடிவு செய்வதில்லை என்று கிருபாராணி எழுதியிருந்தாள். சாயங்காலம் இருட்டிய பிறகு வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுகிற டிரைவர் யார் என்று பார்த்து ஏறுகிறார்கள். தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகிறவன் கூட்டிப்போகும் தோட்டத்தில் கூலி கூடக் கிடைத்தாலும் அவன் ஜீப் காலியாகவே போகிறது.

ஞானசெல்வி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஜீப்புகளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவள் அவள். ஒன்று நிரம்பி வழிவதையும் பின்னால் நிற்பது காலியாகக் கிடப்பதையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஏன் என்று ஒருநாளாவது அவளுக்குக் கேட்கத் தோன்றியதா? சாத்தூர்க்காரிக்குத் தோன்றியிருக்கிறது. இது என் ஊர், நான் எழுதியிருக்க வேண்டியது என்று மனசு கொதித்தது. கொதித்த சூட்டோடு தலைப்பை மாற்றி, தன் பெயரைப் போட்டு, கிருபாராணிக்கு முன்பே பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றிவிட்டாள்.

இரண்டும் ஒன்றே என்று அங்கே கண்டுபிடிக்க அதிக நாளாகவில்லை. பிந்தி ஏற்றியவள் கிருபாராணி என்பதால், அவளைத்தான் விளக்கம் கேட்டார்கள். இருவரும் தேனிக்கு வரவேண்டும் என்று தகவல் வந்தது. கிருபாராணி வீட்டில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஓரகத்தியை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

படிப்பு மையத்திலிருந்து வந்த போனில் விஷயம் பெத்துராஜ் காதுக்குப் போனது. யார் எழுதியது, யார் எடுத்தது என்று அவர் விசாரிக்கவே இல்லை. விசாரித்தால் வீடு ரெண்டாகும் என்ற பயம்.

"இங்க வாங்காத்தா ரெண்டு பேரும். சேந்து எழுதுனோம்னு சொல்லிருங்க. என்ன வந்தாலும் ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் போகட்டும்" என்றார்.

அப்படிச் சொன்னால் இரண்டு கட்டுரையும் தள்ளுபடியாகும், அடுத்த வருடம்தான் மறுபடி எழுத முடியும். கிருபாராணியின் வேலையும் போய்விடும். ஞானசெல்விக்கு அது தெரியாமலில்லை. தெரிந்துதான் தலையாட்டினாள். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் போனது.

தேனியில் கலையரசி மேடம் இருவரையும் எதிரே உட்கார வைத்துக் கேட்டார். கிருபாராணி குனிந்த தலை நிமிராமல், "சேந்துதான் எழுதுனோம் மேடம்" என்றாள்.

"ஜீப்புல மேல போனது யாரு?"

"ரெண்டு பேரும்தான் மேடம்."

மேடம் ஞானசெல்வியிடம் திரும்பி, அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அவள் தடங்கலில்லாமல் சொன்னாள். வயிற்றெரிச்சலில் திரும்பத் திரும்பப் படித்ததில் கட்டுரை அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. மேடம் பேனாவை மூடினார்.

"சரி. ரெண்டையும் தள்ளுபடி பண்ணி எழுதுறேன்" என்றவர், கிருபாராணியைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "போன மாசம் கிளாஸ்ல நீங்க இந்த ஜீப்பு விஷயத்தைச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு கிருபா. யாருக்காக விட்டுக் குடுக்குறீங்கன்னும் புரியுது. இந்த மனசு யாருக்கும் வராது."

ஞானசெல்விக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. வேலை போய், வருடம் போய், எல்லாம் போன பிறகும் நல்ல பேர் அவளுக்குத்தானா? அப்படியானால் நான் யார், அவள் போட்ட பிச்சையில் பிழைத்துப் போகிறவளா? அந்த நேரத்தில் அவளைப் பேச வைத்தது மனசாட்சி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்பட்டமான பொறாமைதான் பேச வைத்தது.

"பெரிய மனசெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். நான்தான் எடுத்தேன். மேல போனதும் இவதான், அட்டைக்கடி வாங்குனதும் இவதான். நான் வீட்டுல உக்காந்துக்கிட்டுப் பேரை மாத்துனேன். எனக்கு யாரும் ஒண்ணும் விட்டுக் குடுக்க வேண்டாம்."

மேடம் மூடிய பேனாவைத் திறந்து வேறு எழுதினார். ஞானசெல்விக்கு இந்த வருடம் பரீட்சை கிடையாது, அடுத்த வருடம் புதுக் கட்டுரையோடு வர வேண்டும். கிருபாராணியின் கட்டுரை நிற்கும். ஆனால் தெரிந்தே மறைத்ததும் தப்புதான் என்று அவளுக்கும் ஒரு எச்சரிக்கை கிடைத்தது. எழுந்து வரும்போது மேடம், "உண்மையைச் சொன்னீங்க ஞானசெல்வி, அது பெரிய விஷயம்" என்றார்.

இத்தனை நாள் ஏங்கிய பாராட்டு அது. ஞானசெல்வி ஓரக்கண்ணால் ஓரகத்தியைப் பார்த்தாள். கிருபாராணி அழுதுகொண்டிருந்தாள்.

போடி பஸ்சுக்கு நிற்கும்போதும் அழுகை ஓயவில்லை.

"ஒங்கட்டுரைதான் நிக்கிதுல்ல, இன்னும் எதுக்கு அழுகுற?" என்று எரிந்து விழுந்தாள் ஞானசெல்வி.

"எனக்கென்ன பெரிய மனசாக்கா?" கிருபாராணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீங்க எடுத்தது தெரிஞ்ச அன்னிக்கு ஒங்களைக் கொல்லலாம் போல இருந்துச்சு. ஆனா சண்டை போட்டுட்டு அந்த வீட்டுல நான் யார்கூட இருப்பேன்? எங்க வீட்டுக்காரரு எந்நேரமும் கடையில கெடக்காரு. ஊர்ல எல்லாரும் என்னைக் கூப்பிடுவாக, வேலை முடிஞ்சதும் அனுப்பிருவாக. சாப்ட்டியான்னு கேக்குறது நீங்க ஒருத்தருதான். அதுவும் போயிருமோன்னு பயந்துதான் அப்படிச் சொன்னேன்."

சாப்ட்டியா என்று தினமும் கேட்பவள் ஞானசெல்விதான். கேட்டதெல்லாம் வேண்டா வெறுப்பாக, சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்க்கும் அவசரத்தில் கேட்டது. அதைப் போய் இவள் இவ்வளவு பெரிதாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். கட்டுரையை எடுத்தபோது வராத வெட்கம் அப்போது வந்தது. பஸ் ஸ்டாண்டில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் நின்றாள்.

பஸ் வந்தது. இருவரும் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ஊர் நெருங்கும்போது ஞானசெல்வி கேட்டாள்.

"திங்கக்கெழம புதுக் கட்டுரைக்கு நான் மேல போகணும். வாசல் வரைக்கும் கொண்டாந்து விடுற டிரைவரு பேரு என்ன?"

"சின்ராசு அண்ணே. நானும் வர்றேன்க்கா, அங்கன எல்லாரையும் எனக்குத் தெரியும்."

"வேண்டாம்" என்றாள் ஞானசெல்வி. "நீ வந்தா, காய் எடுக்குறவுகள விட்டுட்டு நான் ஒன்னையேதான் பாத்துக்கிட்டு இருப்பேன்."