ஈறு நிறத் தீவு

மகள் வேறு ஊருக்கு வேலைக்குக் கிளம்பியபோது அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. "வாசலைத் தாண்டினா திரும்பி வராதே" என்று வார்த்தையை விட்டவர் அவர்தான். துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். தண்ணீர்ச் செடி வைத்த கண்ணாடித் தொட்டியை மட்டும் எடுத்துப்போக முடியவில்லை. அதற்குள் நியூட் என்கிற பிராணியின் குட்டி ஒன்று இருந்தது. விரல் நீளம்கூட இல்லை. பார்க்கப் பல்லி, பிறப்பில் தவளைக்குப் பங்காளி, கழுத்தின் இருபுறமும் இறகு மாதிரி செவுள்.

அவருக்குப் பல் செட் செய்கிற தொழில். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, வீட்டு முன்னறையிலேயே மெழுகும் பிளாஸ்டர் மாவுமாக உட்கார்ந்திருப்பார். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லில்தான் சிரிக்கிறார்கள். அவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகள் வீடியோவில் கூப்பிடுவாள். "தொட்டியக் காட்டுங்க" என்பாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, ஒன்றும் கிடையாது. அவர் கேமராவைத் திருப்பி, கை வலிக்கப் பிடித்துக்கொண்டு நிற்பார். "செல்லம், புழு தின்னியா?" என்று குட்டியைக் கொஞ்சுவாள். தன்னிடம் பேசாவிட்டால் போகிறது, வீட்டுக்குள் அவள் குரல் ஐந்து நிமிஷம் கேட்கிறதே. குட்டிக்கு ஒன்று ஆகிவிட்டால் அதுவும் போச்சு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். மெழுகு செதுக்கும் கத்தியால் புழுவைப் பொடிப்பொடியாக நறுக்கி, இடுக்கியில் எடுத்து ஊட்டினார். மகளுக்குக்கூட அவர் அப்படி ஊட்டியதில்லை.

ஒருநாள் குட்டியின் செவுள் சுருங்க ஆரம்பித்தது. தீனியைத் தொடவில்லை. மேலே வந்து வந்து இலை நுனியைக் கட்டிக்கொண்டு தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக்கொண்டார். பல் செட் காய்ந்தால் கோணிப்போகும், எப்போதும் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். குட்டி இன்னும் திணறியது.

அந்த ஞாயிறு, "செடிக்குப் பின்னாடி தூங்குதும்மா" என்று புளுகினார். மறுநாள் பொறுக்க முடியாமல் அவரே கூப்பிட்டார்.

"செவுளெல்லாம் கொட்டிப்போச்சும்மா. என் கையாலேயே கொன்னுடுவேன்போல இருக்கு."

"முதல்ல தண்ணிய எறக்குங்க. அது வளருதுப்பா, நோயில்ல. இனிமே நம்மள மாதிரிதான் மூச்சு விடும். ஏறி உக்கார எடம் வேணும்."

பாதித் தண்ணீரை இறைத்தார். ஈறுக்கு வார்க்கும் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில் சரிவாக ஒரு தட்டு வார்த்து, கொதிநீரில் இறுகவைத்து, எந்த வாய்க்கும் காட்டாத பொறுமையோடு தேய்த்து, மேலே பாசியைப் பரப்பினார். குட்டி அதில் ஏறிப் பாசிக்குள் நுழைந்துகொண்டது.

அடுத்த ஞாயிறு மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னப்பா, ஈறுலயே தீவு கட்டிட்டீங்க?"

"குட்டி தெரியலையே?"

"உள்ளதான் இருக்கு. நேத்து ரெண்டு புழு தின்னுச்சு."

"இனிமே அப்படித்தான். மாசக்கணக்குல உள்ளயே கெடக்கும். நல்லா பாத்துக்கிட்டீங்க. அப்ப வாராவாரம் நான் கூப்பிட வேண்டியதில்ல."

குத்திக்காட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். குட்டியைப் பிழைக்க வைத்து ஞாயிற்றுக்கிழமையைக் கோட்டைவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போனை வைத்துவிடப் போகிறாள். வீம்பு பார்க்க நேரமில்லை. கேமராவைத் தன் பக்கம் திருப்பினார்.

"அம்மாடி, அன்னிக்கு அப்படிச் சொன்னது என் தப்பு. கொஞ்ச நேரம் என்னையும் பாரேன்."

மகள் பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறாள்.

"அப்பா, முன்பல்லு ரெண்டும் எங்க?"

"அதுவா, விழுந்து அஞ்சு மாசமாச்சு. செஞ்சு போட்டுக்கலாம்தான்" என்றார். "யார் பாக்கப்போறான்னு விட்டுட்டேன்."