அஞ்சலாட்சி என்கிற சர்வர்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வினோதா காலையில் கம்ப்யூட்டரைப் போட்டபோது அவளுடைய படகைக் காணவில்லை.

படகு என்றால் படகின் வரைபடம். தட்டாஞ்சாவடியில் ஃபைபர் படகு செய்யும் கம்பெனியில் அவள் படம் வரையும் வேலையில் இருந்தாள். சுனாமி வந்துபோன மறுவருஷம் அது. குருசுக்குப்பத்து மீனவர்கள் ஒரே மாதிரிப் படகாக மொத்தமாக வாங்குவதென்று பேசியிருந்தார்கள். கம்பெனியின் பழைய அச்சில் வார்த்த படகுகளுக்குப் பின்பக்கம் குறுகல். வலையைக் குவித்துவிட்டால் ஆள் திரும்ப இடமிருக்காது. வினோதாவின் அப்பா இருசப்பன் ஒவ்வொரு நாளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையேறுவது அதனால்தான். அதைப் பார்த்துப் பார்த்தே அவள் பின்பக்கத்தை அகலமாக்கி, வலைக்குத் தனி இடம் விட்டு, புதிதாக ஒரு படகு வரைந்திருந்தாள்.

அன்று மதியம் குப்பத்து ஆட்கள் வந்து படத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்தால் புது அச்சு. படம் இல்லையென்றால் பழைய அச்சிலேயே வார்த்துவிடுவார்கள், பேச்சு முடிந்தது. அப்பாவும் வருகிறார். "கடல்ல கால வெக்காதவ படகு வரையறாளாம்" என்று அவர் குப்பம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாகிவிட்டது.

அந்த ஆபீசில் யாருடைய கோப்பும் அவரவர் மேசைக் கம்ப்யூட்டரில் இருப்பதில்லை. பட்டறைத் தூசி பட்டு மேசைக் கம்ப்யூட்டர்கள் அடிக்கடி படுத்துவிடும் என்பதால், 'மை டாக்குமென்ட்ஸ்' என்று தட்டினால் மூலை அறையிலிருக்கும் சர்வரில் அவரவருக்கென்று உள்ள இடம் திறக்கும்படி செய்து வைத்திருந்தார்கள். இன்று யார் தட்டினாலும் திறக்கவில்லை. ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

மேனேஜர் பிரேம்குமாருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வினோதாவின் மௌஸைப் பிடுங்கி, எதையோ தட்டி, பழையபடி ஆக்கு என்று ஒரு பட்டனை அமுக்கினார். மை டாக்குமென்ட்ஸ் திறந்தது. உள்ளே துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமே இல்லை.

"வைரஸ் மொத்தமா தின்னுட்டுதும்மா. சர்வரை ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசா போட்டுக்க வேண்டியதுதான்" என்றார், என்னவோ சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி.

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத வினோதா அன்று மூலை அறை வாசலில் போய் நின்றுகொண்டாள். "ரிப்பேர் பாக்கற பாக்கியக்கா வர்ற வரைக்கும் யாரும் அதத் தொடக்கூடாது சார்."

அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். அவளால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. காலியாகக் கிடந்த அந்த மை டாக்குமென்ட்ஸிலேயே, நினைவில் இருந்ததை வைத்துப் படகை மறுபடி வரைய ஆரம்பித்தாள். பாதிகூட வரவில்லை.

பாக்கியலட்சுமி முதலியார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு. அடக்கம் என்பதே அவளிடம் கிடையாது. "நான் வந்துட்டேன்ல, இனிமே அழுவாத" என்று வாசலிலேயே சத்தம் போட்டாள். மேசையில் மிச்சமிருந்த பூஜைப் பொரியை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவள் முதலில் செய்வது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வதுதான். வினோதாவுக்கு அவளிடம் ரொம்பப் பிடித்ததே அதுதான். ஊரில் எல்லோரும் அமுக்கிவிட்டு யோசிப்பார்கள். இவள் யோசித்துவிட்டுத்தான் அமுக்குவாள்.

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு? அதுக்கப்புறம் இன்னா பண்ணீங்க?"

"பூஜைக்கு முந்தின நாள் நல்லாதான்க்கா இருந்துச்சு. பூஜை போட்டதோட சரி, யாரும் தொடல."

மற்றவர்கள் எரிச்சலோடு மூடிவிட்ட அந்த ஆங்கில வாக்கியத்தைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் வரவழைத்து, பாக்கியலட்சுமி நிதானமாகப் படித்தாள். "போற பாதை கிடைக்கலன்னு சொல்லுது. சரக்கு இல்லன்னு சொல்லலியே! இருக்கும், வா."

மூலை அறையில் சர்வர் மாலையும் சந்தனமுமாகப் புதுமாப்பிள்ளை கணக்காக நின்றது. நெற்றியில் குங்குமம். அதற்குக் கீழே மஞ்சள் பெயின்டில் 'அஞ்சலாட்சி'.

அந்தக் கம்பெனியில் பெயர் இல்லாமல் ஒன்றும் ஓடாது. படகுக்குப் பெயர் வைக்கிற மாதிரியே எந்திரங்களுக்கும் ஆயுத பூஜையன்று சூடம் காட்டி வீட்டுப் பெண்களின் பெயரை வைப்பார் முதலாளி தெய்வசிகாமணி. கம்ப்ரெஸருக்குக் கமலவேணி. ரெசின் பசை கலக்குகிற எந்திரத்துக்கு ஆதிலட்சுமி. இந்த வருஷம் சர்வரின் முறை. அஞ்சலாட்சி அவருடைய அம்மா.

பாக்கியலட்சுமி பெயரையே உற்றுப் பார்த்தாள். முதலாளியும் பிரேம்குமாரும் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். "சார், பேர மேல மட்டும் எழுதினீங்களா, உள்ளயும் மாத்தினீங்களா?"

முதலாளிக்கு முகமெல்லாம் பெருமை. "மேல மட்டும் எழுதினா அது வேஷம்மா. உள்ள போயி நானே மாத்தினேன். ரீஸ்டார்ட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு, பண்ணுன்னேன்."

பாக்கியலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். "இங்க இருக்கற எல்லா கம்ப்யூட்டரும் பழைய பேரச் சொல்லிக் கதவத் தட்டுது சார். அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லியே!"

"அப்பப் பழைய பேரையே வெச்சுடு, தொல்லை விட்டுது" என்றார் பிரேம்குமார். முதலாளியின் முகம் சுண்டிவிட்டது. குனிந்து சர்வரின் மாலையைச் சரிசெய்தார்.

பாக்கியலட்சுமி அதைக் கவனித்துவிட்டாள். "சூடம் காட்டி வெச்ச பேர எதுக்கு சார் எடுக்கணும்? இருக்கட்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரா உக்காந்து நான் புது விலாசம் சொல்லிக் குடுக்கறேன்." பழைய பெயரை வைத்திருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும். அந்த மனுஷனுக்காக ஒரு நாள் வேலையை அவளே இழுத்துப்போட்டுக்கொள்கிறாள் என்று புரிந்ததும் வினோதாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலில் வினோதாவின் கம்ப்யூட்டர். காலையில் பிரேம்குமார் அமுக்கிய பட்டன், சர்வரை விட்டுவிட்டு மேசைக் கம்ப்யூட்டரிலேயே ஒரு காலி இடத்தைத் திறந்துவிட்டிருந்தது. புது விலாசத்தைக் கொடுத்ததும், இங்கே இருப்பதையெல்லாம் சர்வருக்குக் கொண்டுபோகட்டுமா என்று அது கேட்டது. பாக்கியலட்சுமியின் கை மௌஸிலிருந்து மறுபடி முதுகுக்குப் பின்னால் போனது.

"காலைலேருந்து இதுல ஏதாவது பண்ணியா?"

"படகத் திரும்ப வரைஞ்சேன்க்கா. பாதிதான்."

"இன்னா பேர்ல வெச்ச?"

"அதே பேர்லதான்."

"அடி பாவி! ஆமான்னு அமுக்கியிருந்தா உன் பாதிப் படகு போயி முழுப் படகு மேல ஏறி உக்காந்திருக்கும்." வேண்டாம் என்பதை அமுக்கினாள்.

படகு திறந்தது. அகலமான பின்பக்கம், வலைக்கான இடம், எல்லாம் அப்படியே இருந்தன. வினோதா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மதியம் குப்பத்து ஆட்கள் வந்தார்கள். மற்றவர்கள் வினோதாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, இருசப்பன் மட்டும் திரையில் மகள் காட்டிய இடத்தையே பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வலை இழுக்கிற மாதிரி உடம்பை ஒரு பக்கம் திருப்பினார். மறுபக்கம் திருப்பினார். கண்ணைத் திறந்து, வலைக்கும் தனக்கும் நடுவே திரையில் இருந்த இடைவெளியை விரலால் தொட்டார்.

"இடிக்கல" என்றார்.

அவ்வளவுதான். புது அச்சு என்று முடிவாகிவிட்டது.

"மொதப் படகு எனக்கு. பேரும் யோசிச்சுட்டேன். வினோதா" என்றார் இருசப்பன்.

மேசைக்கு அடியில் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பாக்கியலட்சுமி அங்கிருந்தே கத்தினாள். "தாராளமா வெய்யுங்க பெரியவரே, ஆனா பெயின்ட்ல மட்டும் எழுதுங்க!"

முதலாளிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் வினோதா மெல்லக் கேட்டாள். "கடல்ல கால வெக்காதவ பேராப்பா?"

இருசப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதான் வெக்கறேன். பேராவது என்கூடத் தெனம் வரட்டும்."