அக்கா வேஷம்

நாடகாசிரியர் சவரிநாதர் ரங்கூனில் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் எழுதிய குடும்ப நாடகம் ஒன்றில் பதினான்கு வருஷமாக அக்கா வேஷம் கட்டிவந்த கங்காதரன், 1934 மாசியில் கொழும்பிலிருந்து தனியாகச் சென்னைக்கு வந்தான். சவரிநாதர் பிறந்த சாந்தோம் குப்பத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் வந்த காரியம். முன்பு இரண்டு முறை நாடகக் கம்பெனியோடு வந்தபோது, "அடுத்த தடவை கூட்டிப் போகிறேன்" என்று சொல்லியே அவர் தட்டிக் கழித்துவிட்டார்.

மயிலாப்பூரில் நாடக உடுப்புத் தைக்கும் ஹபீபுர் ரஹ்மான் துணைக்கு வந்தார். கங்காதரன் மேடையில் போடும் ரவிக்கைகள் அவர் தைத்தவை. இருவரும் கச்சேரி ரோடு வழியாகக் கடலை நோக்கி நடந்தார்கள்.

"குப்பத்துல இன்னா கீதுன்னு பாக்கப் போற? மணலும் கருவாடுந்தான்" என்றார் ரஹ்மான்.

"அவர் ஓடி விளையாடின மணல் இல்லையா சாயபு" என்றான் கங்காதரன்.

குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் சவரிநாதர் வீட்டை விசாரித்தார்கள். அவர் நிமிராமலே கை காட்டினார். "கூத்துக்குப் போனவன் தானே? அத்தோ, அவன் அக்கா அந்தோணியம்மா."

அவளுக்கு அறுபது வயது இருக்கும். இடக்கையை இடுப்பில் ஊன்றி, காயும் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். காக்கை ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, உதட்டைச் சுழித்து அதை முறைத்தாள்.

கங்காதரன் நின்றுவிட்டான். அந்தச் சாய்ப்பை அவனுக்குப் பழக்க சவரிநாதர் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். மோவாயைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று திருப்பித் திருப்பி வைப்பார். சனங்களைச் சிரிக்க வைக்க அவர் கற்பனை செய்தது என்றே அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"இன்னாயா அப்டிப் பாக்கற?" என்றாள் அந்தோணியம்மாள்.

ரஹ்மான் விஷயத்தைச் சொன்னார். அவள் மறுபடி மீன் பக்கம் குனிந்துகொண்டாள்.

"செத்துட்டான்னு சாமியார் கடுதாசி படிச்சிக் காட்னாரு. அதுக்கு முந்தி முப்பத்தஞ்சு வருசமா ஒரு சேதியும் இல்ல. இந்த ஊருக்கு ரெண்டு வாட்டி வந்தானாம். வூட்டுக்கு வரல. நானும் போவல."

"சண்டையா?" என்றார் ரஹ்மான்.

"அப்பன் கட்டுமரத்துப் பாயைக் கிழிச்சிக் கூத்துக்குத் திரை கட்னான். வெளக்குமாத்தால அடிச்சித் தொரத்திட்டேன். அந்தக் கோவத்துலயே போய்ச் சேந்துட்டான்."

கங்காதரன் மணலில் உட்கார்ந்தான். தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"அக்கா, நான் ஒண்ணு செஞ்சு காட்டறேன். கோவிச்சுக்காதீங்க."

எழுந்து, தோளில் இருந்த துண்டை முந்தானையாகப் போட்டான். இடக்கையை ஊன்றி, கழுத்தைச் சாய்த்து, "பாயைக் கிழிச்சவனுக்கு இந்த வூட்ல சோறு கெடையாது. போய் உன் திரையைக் கரைச்சிக் குடி" என்றான். வலை பின்னியவர் சிரித்தார். பக்கத்துக் குடிசைப் பெண்கள் வெளியே வந்து, "நம்ம அந்தோணியம்மா மாதிரியே கீது" என்றார்கள்.

அந்தோணியம்மாள் சிரிக்கவில்லை. "இத்த உனக்கு யார் சொன்னா?"

"அவர்தான் எழுதினார். ஊர் ஊராய் இதைத்தான் ஆடினோம். மத்த காட்சிக்கெல்லாம் உள்ளே படுத்துத் தூங்குவார். இந்தக் காட்சிக்கு மட்டும் எழுந்து வந்து படுதா ஓரம் நிற்பார். ஒரு நாள் தவறினதில்லை. கோபம் இருக்கிறவர் அப்படி நிற்க மாட்டார் அக்கா."

அவள் மீன் வாடை வீசும் கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, "இன்னொரு வாட்டி செய்" என்றாள்.

செய்தான். அவள் எழுந்து வந்து அவன் முழங்கையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்தாள். "இப்டி. அவன் மறந்துட்டுக்கிறான்."

மத்தியானம் குடிசைக்குள் இருவருக்கும் சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டாள். ரஹ்மான் வெட்கப்படாமல் மூன்று தடவை வாங்கிக்கொண்டார். சாப்பாடு முடியும் சமயம் அவள் கேட்டாள்.

"அந்தக் கூத்துல, தொரத்துன தம்பி திரும்பி வருவானா?"

"கடைசிக் காட்சியில் வருவான். ஆனா அவன் அக்காகிட்ட என்ன பேசணும்னு அவருக்குத் திருப்தியாவே வரலை. ஏழெட்டுத் தரம் மாத்தினார். ஆஸ்பத்திரியிலகூட எழுதிக்கிட்டிருந்தார்."

"அதுல பேசறதுக்கு இன்னா கீது?" என்றாள் அந்தோணியம்மாள். "வந்து குந்துனா சோறு போடப் போறேன். துன்னுட்டுப் படுக்கப் போறான்."

அடுத்த மாதம் கொழும்பில் நாடகம் நடந்தபோது, கடைசிக் காட்சியின் நீண்ட வசனத்தை எடுத்துவிடும்படி கங்காதரன் முதலாளியிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கினான். தம்பி வந்தான், உட்கார்ந்தான். அக்கா ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை கொட்டகையில் ஒருவரும் இருமவில்லை.