சுவரைப் பார்த்துச் சொன்ன வாக்கியங்கள்

"ஃபார் தி டைம் பீயிங் நான் எங்க அம்மா வீட்டுல இருக்கேன். இது சரியா சார்?" என்று முனீஸ்வரி கேட்டாள். காலத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்களை வைத்து அன்றாட வாக்கியம் அமைக்கச் சொல்லியிருந்தேன். பாதியைத் தமிழில் அமைக்கச் சொல்லவில்லை. முழுவதும் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். சொன்னாள். என்னைப் பார்த்தல்ல, கடைசி வரிசையில் இருந்த அழகுபாண்டியின் தலைக்கு மேலிருந்த சுவரைப் பார்த்து.

கோச்சடையில் பெரியவர்களுக்காக நான் நடத்தும் இந்த மாலை ஆங்கில வகுப்பில் அவர்கள் இருவரும் கணவன் மனைவியாகத்தான் சேர்ந்தார்கள். அவனுக்கு டைல்ஸ் கடை. அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளர். இடையில் அவளுடைய தந்தை இறந்தார். பதினாறாம் நாள் காரியத்தில் முன்னால் நிற்க வேண்டிய மருமகன், கடையில் லோடு இறக்கிக்கொண்டே, கைப்பேசியில் "ஆன் தி வே, ஆன் தி வே" என்று சொல்லிச் சொல்லி, பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு மேலூரில் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். தாய்வீட்டிலேயே அவள் தங்கிவிட்டாள். பேச்சு நின்றது. ஆனால் வகுப்பை விட்டு முதலில் நிற்பவர் தோற்றவராகிவிடுவார் என்பதால் இருவருமே நிற்கவில்லை.

பேச்சு முறிந்த வீடுகளில் பூனையிடமும் பாத்திரத்திடமும் சாடை பேசுவார்கள். இவர்களுக்கு என் பாடம் வாய்த்தது. 'ஆல்வேஸ்' கொடுத்தால் "ஹி இஸ் ஆல்வேஸ் லேட்" என்பாள். அந்த 'ஹி' யாரம்மா என்று கேட்டால், "பொதுவாச் சொன்னேன் சார்" என்பாள். 'சின்ஸ்' கொடுத்தேன். "நோபடி இஸ் குக்கிங் சின்ஸ் ஆடி" என்றான் அவன். "ஹேஸ் குக்ட்!" என்று மேசையைத் தட்டினேன். யார் கேட்டார்கள்? "சார், இதுல எது பாடம், எது பஞ்சாயத்து?" என்றான் மினி பஸ் ஓட்டும் உக்கிரபாண்டி. வகுப்பே சிரித்தது. எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

நேற்று 'அன்டில்' எடுத்தேன். மழை, பேருந்து, கடை ஆகியவற்றைப் பற்றி மட்டுமே வாக்கியம் அமைய வேண்டும் என்று கண்டிப்பாக அறிவித்தேன். முனீஸ்வரி எழுந்தாள்.

"ஐ வில் நாட் கோ ஹோம் அன்டில் ஹி கம்ஸ் அண்ட் ஸ்டாண்ட்ஸ் பிஃபோர் மை மதர்."

ஒரு பிழை இல்லை. அதனால்தான் எரிச்சல் இரட்டிப்பாயிற்று. மழை எங்கே? பேருந்து எங்கே?

"மாப்ள, எந்திரி. ஒனக்குத்தான் கேள்வி" என்றான் உக்கிரபாண்டி.

அழகுபாண்டி எழுந்தான். வாய் திறந்தான், ஆங்கிலம் வரவில்லை. இந்த மூன்று மாதத்தில் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்து, "அத்தை இப்ப வீட்டுல இருக்காகளா?" என்றான்.

அவள் என் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மா வெரசாப் படுத்துரும். அதுக்கு முந்திப் போகணும்னு சொல்லுங்க சார்."

நான் ஏன் சொல்ல வேண்டும்? வகுப்பு முடிய இன்னும் நேரம் இருந்தது. என் அனுமதியை எதிர்பாராமல் அவன் படியிறங்கி ஓடினான். "உட்காரும்மா" என்றேன். அவள் காதில் விழவில்லை. செருப்பிலிருந்து குதிகால் உயர, ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு வேன் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அது விலகும் வரை காத்திராமல் அழகுபாண்டி பைக்கிலிருந்து இறங்கி, சுவரில் கைப்பிடி உரசி, காரை உதிர, அந்த இடுக்கில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.