விதை இல்லை, இலை இல்லை

...குங்குமம் போகலாம், அது பொடிதானே, ஆனால் மஞ்சளில் செய்திருந்தால் மஞ்சளும் செடிதான், செடி என்றால் அதையும் எழுத வேண்டுமோ... வரிசை நகர்ந்தது, அவள் பெட்டியைக் காலால் தள்ளினாள், தள்ளிய பிறகுதான் உள்ளே சாமி விளக்கு இருப்பது உறைத்தது, குனிந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், யாரும் பார்க்கவில்லை, பார்த்தால்தான் என்ன. கூரியர் ஆபீஸ் சுவரில் இருந்த பட்டியலை மூன்று முறை படித்தாகிவிட்டது, விதை, காய்ந்த இலை, பூ, பால் இனிப்பு, வைக்கோல், பழம் வந்த அட்டைப்பெட்டி, எதுவும் கூடாது, அக்கா இருக்கும் நாட்டில் குவாரன்டைன்காரர்கள் பிரித்துப் பார்ப்பார்கள், இங்கிருந்து ஒரு பூச்சி போய் அவர்கள் வயலைக் கெடுத்துவிடக் கூடாதாம், நியாயம்தான். போன வருடம் பண்டிகைக்கு அம்மா அனுப்பியதை அப்படியே எரித்துவிட்டு அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் போட்டார்கள், அடுத்த முறை அபராதம், பெயரும் பதிவாகும், குடியுரிமைக்கு மனு போட்டிருக்கிற நேரத்தில் இது தேவையா என்று அத்தான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "அம்மாகிட்ட மூச்சு விட்டுடாதடி, எல்லாம் வந்துச்சு, சாப்பிட்டோம்னு சொல்லிட்டேன்," என்றாள் அக்கா, அவளும் விடவில்லை, ஒரு வருடமாக.

அதனால்தான் இந்த முறை பெட்டி கட்டுவதைத் தானே ஏற்றுக்கொண்டாள், புதுப் பெட்டி, விளக்கு, புடவை, குங்குமம், ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு டிக், எல்லாம் சரி, அந்தத் துணிப்பை ஒன்றைத் தவிர. உள்ளங்கை அளவுதான், நாலு பக்கமும் அம்மா தைத்து மூடிவிட்டாள், "பிரிக்காம அவ கையில போய்ச் சேரணும்," என்று வேறு சொல்லிவிட்டாள், அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது, வாசனை இல்லை, ஆனால் அம்மா பை தைத்தால் உள்ளே துளசிதான், அக்காவின் பரீட்சைக்குத் துளசி, விமானம் ஏறும்போது துளசி... பிரித்தால் அம்மா பேச்சை மீறியதாகும், பிரிக்காமல் படிவத்தில் 'இலை இல்லை' என்று எழுதினால் மாட்டப்போவது அக்கா, தான் ஏன் இதை வீட்டிலேயே யோசிக்கவில்லை, யோசித்தாள், தைரியம்தான் வரவில்லை.

கவுண்டரில் இருந்த அம்மாள் பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குள்ள என்னம்மா?" தெரியாது என்றாள். "தெரியாதுன்னு எழுத இதுல கட்டம் இல்லையே." பின்னால் நின்ற பெரியவர், "சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாம்மா, என் பேத்திக்குக் கல்யாணப் பரிசு அனுப்ப வந்தேன், அவளுக்குக் குழந்தையே பொறந்துடும் போல," என்றார். மேஜையோடு சணலில் கட்டியிருந்த கத்தரிக்கோலை அவளே எடுத்தாள், அம்மாவின் தையல், நெருக்கமாக, பொடிப் பொடியாக, மூன்று தையல் வெட்டினாள், நாலாவதில் பை வாயைத் திறந்தது.

இலைகள்தான். துணி இலைகள். அம்மாவின் பழைய பச்சைப் புடவை, துளசி இலை அளவுக்கு ஒவ்வொன்றாக வெட்டி, ஓரம் மடித்து, நூலால் நரம்புகூடப் போட்டிருந்தாள். "துணிதானே, தாராளமாப் போகும், டேப் போட்டுடவா?" என்றாள் கவுண்டர் அம்மாள். வேண்டாம், ஊசி இருக்கிறது, ஓரமாக உட்கார்ந்து தைத்துத் தருகிறேன் என்றாள், பெரியவருக்கு வழி விட்டாள். அப்படியானால் போன வருடம் எரித்தது அம்மாவுக்குத் தெரியும், எப்போதிலிருந்து, யார் சொல்லி, முட்டி வலிக்கிறது இந்த வருடம் இனிப்பு செய்யவில்லை என்றாளே, அப்பாடா என்று தனக்கு நிம்மதியாகத்தானே இருந்தது, வலி என்று ஒரு நாள்கூட மாத்திரை போட்டாளா, கவனித்தோமா... அம்மாவுக்குத் தெரியும் என்பதை அக்காவிடம் சொல்லலாமா, சொன்னால் அக்கா உடைந்துபோவாள், சொல்லாவிட்டால் இனி அம்மாவிடமிருந்து மறைக்க எதுவும் இல்லை, அக்காவிடமிருந்துதான் மறைக்க வேண்டும், தெரிந்தும் தெரியாதவள்போல் அம்மா இத்தனை நாளும் செய்துகொண்டிருந்ததும் இதையேதானோ... ஊசியில் நூல் ஏற மறுத்தது, நுனியை நாக்கில் ஈரப்படுத்தி மறுபடி கோத்தாள்.