ஆட்டம் முடிந்தது என்று சொன்ன பிறகும்

"சுண்டெலி, ஆட்டம் முடிஞ்சுது. அப்பா தோத்துட்டேன். வெளிய வாடா."

சோபா தைப்பவர் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பட்டறையாகிவிட்ட முன்னறையில் பசை வாடை மட்டும்தான் இருந்தது. வாசல் கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. நான்கு வயது மகள் வீட்டுக்குள்தான் எங்கோ இருக்கிறாள்.

கட்டிலடி, குளியலறை, அலமாரி எல்லாம் பார்த்துவிட்டு மனைவி வந்தாள்.

"நம்புற மாதிரி சொல்லுங்க."

"இன்னும் எப்படிச் சொல்றது?"

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. புள்ள தலைய நீட்டுனதும் 'அவுட்'னு கத்துனீங்க. நானும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன்."

நேற்று மட்டுமா. ஒளிந்திருப்பவளை வெளியே வரவழைக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"சத்தியமாடி தங்கம், அம்மா கூப்பிடுறேன்." மனைவியின் குரல் உடைந்தது. அழுவதுபோல் நடிப்பதும் இந்த வீட்டு ஆட்டத்தில் பழைய தந்திரம்தான்.

கதவு தட்டப்பட்டது. மனைவி தாழ்ப்பாளைத் திறந்தாள். சரக்கு ஏற்ற வந்த வண்டிக்காரர்.

"என்னண்ணே, ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"பாப்பா ஒளிஞ்சிருக்கா. காணோம்."

"பசிச்சா தானா வருவா, விடுங்க." சுவரில் சாய்த்திருந்த வெல்வெட் சோபாவின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். "உள்ள கல்லா வெச்சுத் தெச்சிருக்கீங்க? இந்தக் கனம் கனக்குது."

சோபா தைப்பவர் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்து எண்ணி முடித்ததும், அவள் ஒளிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம் என்று, அந்த சோபாவின் அடித்துணியில் திறந்து கிடந்த ஓரத்தை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியது அவர்தான். தேடப் போனது அதன் பிறகு. அத்தனை பின் அடித்தும் உள்ளே இருந்தவள் மூச்சு விடவில்லை. சத்தம் போட்டால் தோற்றுவிடுவாள்.

"கீழ வைங்க. மெதுவா."

கத்தியை எடுத்தார். துணிக்குப் பின்னால் அவள் முகம் எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. கத்தியைத் தூரப் போட்டுவிட்டு, குறடால் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மனைவி துணியை விரலால் இழுத்துக் கிழித்தாள்.

கைப்பிடியின் உட்கூட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்கள் மட்டும் மின்னின.

"வா கண்ணு," என்று கையை நீட்டினார்.

அவள் இன்னும் உள்ளே நகர்ந்தாள். அவர் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை.

"நீ அவுட்னு சொல்லுவ."

"சொல்ல மாட்டேன்டா."

"எப்பவும் இப்படித்தான் சொல்லுவ."

"நிஜமா முடிஞ்சுதும்மா," என்றாள் மனைவி. மகள் அவளையும் நம்பாமல் பார்த்தாள்.

வண்டிக்காரர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். சோபா தைப்பவர் தரையில் படுத்து, கையை உள்ளே நீட்டியபடி வைத்திருந்தார். விரல் நுனிக்கு அப்பால் மகளின் சூடான மூச்சு வந்து வந்து போனது.