போன வாரத்துச் சந்தேகம்

கண் டாக்டர் சொந்தமாக விமானம் வாங்கி இரண்டு வருடமாகிறது. நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம்; அவரே ஓட்டுவார். அவருடைய மனைவியின் தம்பி, துணிக்கடைக்காரர், அதை "ரெக்கை வச்ச ஆட்டோ" என்றுதான் சொல்வார். அதுவும் வீட்டில் நாலு பேர் கூடியிருக்கும்போது பார்த்துச் சொல்வார்.

அதனால் அன்று மத்தியானம் மைத்துனரை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது டாக்டருக்குக் கொஞ்சம் வீம்பும் இருந்தது. மேலே போனதும் ஒவ்வொரு சுவிட்சாகக் காட்டினார்.

"இதைப் போட்டா இந்த மீட்டர் முள்ளுக்கெல்லாம் வெளிச்சம் வரும்."

"ஒண்ணும் தெரியலையே அத்தான்."

"பகல்ல எப்படிய்யா தெரியும்? இது ராத்திரிக்கு."

பேச்சு வேறெங்கோ போனது. சுவிட்ச் போட்டபடியே கிடந்தது.

இறங்கும் நேரம் வந்தது. டாக்டர் சக்கரங்களை இறக்கும் பிடியைக் கீழே தள்ளினார். காலடியில் வழக்கம்போல் தொம்தொம்மென்று சத்தம் கேட்டது. ஆனால் சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டதும் எரிய வேண்டிய பச்சை விளக்குகள் மூன்றில் ஒன்றுகூட எரியவில்லை. தரையைத் தொடாமல் மறுபடி மேலே ஏறினார். சக்கரம் பூட்டாவிட்டால் அலற வேண்டிய எச்சரிக்கை ஒலி அலறவில்லை என்பதும் உறைத்தது. சரி, அதுவும் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார்.

விமானநிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னார். தாழ்வாக ஒரு முறை பறந்து போகச் சொல்லி, கீழிருந்து பார்த்தார்கள். "சக்கரம் வெளியே தெரியுது டாக்டர். பூட்டியிருக்கான்னு இங்கிருந்து சொல்ல முடியாது."

பக்கத்தில் மைத்துனர் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் தானும் பயந்ததாகத் தெரியக்கூடாது என்ற அவசரத்தில் டாக்டர் ரேடியோவில் சொன்னார்: "போன வாரம் மெக்கானிக் கை வச்ச இடம் இது. எனக்கு அன்னிக்கே சந்தேகமா இருந்துச்சு."

அப்படி ஒரு சந்தேகமும் அவருக்கு இருந்ததில்லை. விமானநிலையத்தில் ரேடியோ வைத்திருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். சற்றுப் பொறுத்து மெக்கானிக்கின் குரலே வந்தது.

"சார், என் தப்பா இருந்தா அப்புறம் என்ன வேணா செய்யுங்க. இப்போ பதறாம இறங்குங்க. நான் ஓடுபாதை ஓரத்துலயே நிக்கிறேன்."

கீழே தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. டாக்டர் வட்டமடித்தார். வட்டத்தின் ஒரு திருப்பத்தில் வெயில் நேராக முகத்தில் அடித்தது. மைத்துனர் கண்ணை மறைக்கக் கையை உயர்த்தினார். கையின் நிழல் அந்த மூன்று விளக்குகள்மேல் விழுந்தது.

நிழலுக்குள் மூன்றும் மெல்லிய பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

டாக்டருக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இரவில் விமானியின் கண் கூசக்கூடாதென்று மைத்துனருக்குக் காட்டப் போட்ட அந்தச் சுவிட்ச் இந்த விளக்குகளையும் மங்கவைக்கும். இது அவருக்குத் தெரியும், விமானி உரிமப் பரீட்சையில் எழுதியிருக்கிறார். விரலை மெதுவாக நகர்த்திச் சுவிட்சை அணைத்தார். மூன்றும் பளீரென்று எரிந்தன.

"வந்துருச்சு அத்தான்!" என்று மைத்துனர் கத்தினார்.

"விளக்கு வந்துருச்சு, இறங்குறேன்" என்று டாக்டர் கோபுரத்துக்குச் சொன்னார். எப்படி வந்தது என்று சொல்லவில்லை.

பூப்போல இறங்கியது விமானம். தீயணைப்புக்காரர்கள் கைதட்டினார்கள். ஒருவர் வந்து டாக்டரைக் கட்டிக்கொண்டார். மெக்கானிக் மட்டும் யாரையும் பார்க்காமல் டார்ச்சோடு விமானத்துக்கு அடியில் மல்லாந்து, தான் செய்த தப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய கால்களை டாக்டர் பார்த்தார். அதற்குமேல் டாக்டரால் சும்மா நிற்க முடியவில்லை.

"வெளிய வாங்க. தப்பு உங்களுது இல்ல. நான்தான் ராத்திரி சுவிட்சைப் போட்டு வச்சிருந்தேன். விளக்கு எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு."

சுற்றி நின்றவர்களிடையே சிரிப்பு கிளம்பியது. "முதல்ல கண் டாக்டரை யார்கிட்டயாவது கண்ணைக் காட்டச் சொல்லுங்கப்பா!" என்றார் ஒருவர். டாக்டரும் சிரித்தார். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுபோல்தான் இருந்தது.

மெக்கானிக் முழங்கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவரும் சிரிக்கத்தான் பார்த்தார்.

"சுவிட்ச் சரிங்க சார், யாருக்கும் வர்றதுதான். போன வாரமே சந்தேகமா இருந்துச்சுன்னீங்களே, அது எந்த இடத்துல சார்? அன்னிக்கு வண்டியை எடுத்துட்டுப் போறப்போ பிரமாதம்னு தோள்ல தட்டினீங்க, அதான் கேக்குறேன். சொன்னா இப்பவே பார்த்துடுவேன்."

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. டார்ச் எரிந்தபடியே இருந்தது. உண்மையிலேயே பார்க்கத்தான் கேட்டார்.

சுற்றியிருந்தவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. டாக்டர் தரையைப் பார்த்தார்.

"சந்தேகம் ஒண்ணும் இல்ல" என்றார். "சும்மா சொன்னேன்."

மெக்கானிக் தலையை ஆட்டினார். டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு விமானக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரை டாக்டர்தான் ஓட்டினார். "ரெக்கை வச்ச ஆட்டோ" என்ற கேலி எப்போது வரும் என்று காத்திருந்தார். வந்தால் தேவலை என்றிருந்தது. மைத்துனர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை.